பால் பைத்தான் பால் குடிக்காது: மீட்ட பாம்புக்கு வேலூரில் வீடு அமைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒரு பாம்பு இருக்கிறது. பால் பைத்தான் என்ற வெளிநாட்டு இனம், மூன்றரை அடி, பெண், பெயர் முறுக்கு. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துத் தன்னையே சுற்றிக்கொள்ளும். அதைப் பார்த்து மகள் வைத்த பெயர். காட்பாடிப் பக்கம் அறை எடுத்துப் படித்த ஒரு மாணவர், படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது இதை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தார். கை மாறி எங்களிடம் வந்தது. அப்போதிருந்து தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதிக்கு மேல் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். வெயிலூர்க்காரர்களுக்கு அது கடைசிக் கவலை.

தோட்டத்தில் பிடித்த சாரையையோ மண்ணுளியையோ இப்படி வளர்க்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது குற்றம், சிறை வரை போகும். அடிபட்டுக் கிடந்த பாம்பானாலும் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. வீட்டுக்குள் வந்துவிட்டால் 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள், தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள். மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை, லட்சக்கணக்கில் விலை போகும் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். அதற்கு ஒரு தலைதான். வால் மழுங்கலாக இருப்பதால் அப்படித் தெரிகிறது.

இன்னொரு விஷயம். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கண்ணாடி விரியனைக் கையில் எடுக்கும் ஆபத்து நிஜமானது. இரண்டுக்கும் முதுகில் பழுப்புத் திட்டுகள் உண்டு. எது எது என்று நிச்சயமாகத் தெரியாத பாம்பைத் தொடவே தொடாதீர்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம். கை காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்போ உங்களிடம் இருப்பது மட்டும் எப்படிச் சரி?

முறுக்கு ஒரு பால் பைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்த இனம். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து உலகம் முழுக்கப் போனது. விஷம் கிடையாது. வெளிநாட்டு இனம் என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இது இருக்கிறது. 2022ல் நம் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பட்டியல் இனங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தார்கள். 2024ல் அதற்கான பதிவு விதிகள் வந்தன. கையில் வைத்திருப்பது, இன்னொருவருக்குக் கொடுப்பது, குட்டி பொரிப்பது, இறப்பது எல்லாவற்றையும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் தெரிவிக்க வேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாள்தான் அவகாசம். அந்த மாணவரிடம் பதிவுச் சான்று இருந்தது, அதனால்தான் நான் சரி என்றேன். கையில் காகிதம் இல்லாத பாம்பை "பாவம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது நீட்டினால் வாங்கிக்கொண்டு வீட்டில் ஒளிக்காதீர்கள். மாவட்ட வன அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் பாம்புகளைச் சுருட்டி வைத்துக் கொண்டுவந்து பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரே பயணியிடம் 22 பாம்புகள் இருந்தன. நீங்கள் மீட்பதாக நினைத்து வாங்குவது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக இருந்துவிடக் கூடாது.

பால் குடிக்குமா?

குடிக்காது. பெயரில் இருக்கும் பால் நம் பால் இல்லை, ஆங்கிலத்தில் பந்து. பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் வந்த பெயர். எந்தப் பாம்புக்கும் பாலைச் செரிக்கத் தெரியாது. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தை வைத்தாலும் வாய் வைக்கும், அவ்வளவுதான். என் மாமியார் ஆடி மாதம் புற்றுக்குப் போகும்போது இதை மட்டும் அவரிடம் பேசுவதில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். இதுதான் கஷ்டம்.

முறுக்கு வந்தது அரிசி போட்டு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவில், மூடியில் ஆணியால் குத்திய ஏழெட்டு ஓட்டைகளோடு. உடம்பு வட்டமாக இருக்க வேண்டியது, முதுகெலும்பு துருத்திக் கூரை முகடு மாதிரி முக்கோணமாகத் தெரிந்தது. வாலில் பழைய தோல் வளையம் வளையமாக ஒட்டியிருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் 780 கிராம். அந்த நீளத்துக்கு அது ரொம்பக் குறைவு. வீட்டில் எல்லாரும் உடனே ஏதாவது சாப்பிடக் கொடு என்றார்கள். பட்டினி கிடந்த உடம்பு, இடம் மாறிய பயம், இரண்டும் சேர்ந்தால் கொடுத்ததைக் கக்கிவிடும். ஒருமுறை கக்கினால் தேற வாரக்கணக்காகும்.

அதனால் முதல் ஏழு முதல் பத்து நாள் இப்படி: தரையில் வெள்ளைத் தாள், ஒளிந்துகொள்ள இரண்டு சட்டி, ஒரு கிண்ணம் தண்ணீர், மேலே துணி போர்த்திய பெட்டி. தாள் எதற்கு என்றால் எச்சம், பேன், சளி எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். தண்ணீர் மாற்ற மட்டும் கையை உள்ளே விடலாம். பத்தாம் நாள் சின்னதாக ஓர் எலி, வழக்கமாகக் கொடுப்பதில் பாதி. அது செரித்து எச்சம் வந்த பிறகு அடுத்தது. வாரம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதி வைத்தோம். இப்போது 1,350 கிராம். வீட்டில் வேறு ஊர்வன இருந்தால் புது வரவை இரண்டு மூன்று மாதம் வேறு அறையில் வையுங்கள், சாமான்களையும் கலக்காதீர்கள்.

பெட்டி எவ்வளவு பெரிசு? மீன் தொட்டி போதாதா?

வளர்ந்த பால் பைத்தானுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் இருந்தால் நல்லது. உடம்பை நீட்டிப் படுக்க இடம் வேண்டும்.

மீன் தொட்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாலு பக்கமும் கண்ணாடி. பாம்புக்கு மறைவே இருக்காது. மேல்மூடி வலையாக இருந்தால் ஈரப்பதம் நிற்காது. எங்கள் தெரு ஆசாரியிடம் 12 எம்.எம். மரைன் ப்ளையில் செய்யச் சொன்னேன். முன்பக்கம் மட்டும் இரண்டு கண்ணாடிக் கதவு, நகைக்கடை, துணிக்கடை அலமாரிகளில் வருமே, அந்த மாதிரி தள்ளு கதவு. அதற்கு அந்தக் கடைகளில் போடுகிற ஷோகேஸ் பூட்டு. ஒரு பக்கச் சுவரில் கீழே, எதிர்ப்பக்கச் சுவரில் மேலே கையகலக் காற்றுத் துளைகள், உள்ளிருந்து எவர்சில்வர் வலை. சூடான காற்று மேலே போகும், கீழே புதுக் காற்று வரும். மூலைகளில் சிலிகான் பூச வேண்டும், இல்லையென்றால் ஈரம் இறங்கி ப்ளை உப்பிவிடும். "ஷோகேஸ் மாதிரி வார்னிஷ் அடிச்சுத் தர்றேன் சார், பளபளன்னு இருக்கும்" என்றார் ஆசாரி. உள்ளே வேண்டாம் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. வெளியே மட்டும் அடித்து, வாசனை முழுக்கப் போக மூன்று வாரம் நிழலில் திறந்து போட்டோம்.

உள்ளே என்னென்ன வைக்க வேண்டும்?

காட்டில் இது எங்கே வாழ்கிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும். ஆமாம், நாம் மஞ்சள் பூசிக் கும்பிடுகிற அதே மாதிரிப் புற்று, ஆப்பிரிக்க மண்ணில். வெளியே வெயில் கொளுத்தும்போது புற்றுக்குள் இருட்டாக, இடுக்காக, லேசான ஈரத்தோடு, குளிர்ச்சியாக இருக்கும். நாம் செய்ய வேண்டியது அதுதான், ஒரு புற்று. பெட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்காகச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "பாம்பு எங்கே?" என்று கேட்டுவிட்டு அதைப் பார்க்காமலே காபி குடித்துப் போகிறார்கள். அதுவே அமைப்பு சரியாக இருப்பதற்கு அடையாளம்.

கடையில் பிளாஸ்டிக் குகை விற்கிறார்கள். எனக்கு மண்சட்டிதான் பிடித்தது. அகலமான சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் ஒரு வாசல் வெட்டினால் குகை தயார். சுட்ட சட்டியை அரத்தால் வெட்டப் போய் இரண்டை உடைத்தேன். மூன்றாவது முறை குயவரிடமே சொல்லி, சுடுவதற்கு முன்னால் பச்சைச் சட்டியிலேயே வாசல் வெட்டித் தரச் சொன்னேன். விளிம்பும் மழமழவென்று வந்தது. கார்த்திகை, பொங்கல் சமயத்தில் போய் நிற்காதீர்கள், அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. சட்டி பெரிதாக இருக்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். பாம்பு சுருண்டால் உடம்பு சட்டியின் சுவரைத் தொட வேண்டும், அப்போதுதான் அதற்கு நிம்மதி. வாசல் மட்டும், எலி விழுங்கிப் பெருத்த வயிறும் நுழையும் அளவுக்கு இருக்கட்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால் பாதுகாப்பா, சரியான வெப்பமா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டி வரும், பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் எடுக்கும்.

தரைக்கு மாடித் தோட்டக்காரர்கள் வாங்கும் தென்னை நார்க் கழிவுக் கட்டி, அதாவது கோகோபீட். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். பதம் கேட்டால் புட்டு மாவுப் பதம்: கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மூன்று அங்குலம் பரப்பினால் போதும். பாலாற்று மணல், மரத்தூள், செய்தித்தாள் துண்டு எதுவும் வேண்டாம். கனமான தண்ணீர்ப் பாத்திரம், ஏறிப் படுக்க ஒரு வேப்பங்கிளை. கிளையைக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைத்து வைத்தேன்.

மே மாதம் என்ன செய்வீர்கள்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

பால் பைத்தானுக்குக் குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி, சூடான பக்கம் 31 முதல் 33. பெட்டியில் எங்கேயும் 35ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. வேலூரில் கத்திரி வெயிலில் வெளியே 40ஐத் தாண்டுவது செய்தியே இல்லை. சுற்றிலும் பாறை மலை, பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி திருப்பித் தருகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், புரியும்.

எங்கள் தப்பே அதுதான். முதல் கோடையில் பெட்டி மாடி அறையில் இருந்தது. ஒரு மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால், முறுக்கு தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் முழு உடம்பையும் திணித்து, மூக்கு மட்டும் விளிம்பில் வைத்துக் கிடந்தது. அது குளித்து விளையாடுகிறது என்று மகள் சந்தோஷப்பட்டாள். வெப்பமானி 36 காட்டியது. குளிர்ந்த பக்கத்தில்! ஹீட்டர் அணைந்துதான் இருந்தது. பாம்பு தண்ணீரை விட்டு வரவில்லை என்றால் ஒன்று சூடு தாங்கவில்லை, இல்லை பேன் பிடித்திருக்கிறது. விளையாட்டு எல்லாம் கிடையாது.

அன்றைக்கே கீழ்த்தளத்தில், வடக்குப் பக்க அறைக்கு மாற்றினோம். மேற்குச் சுவரை ஒட்டிய இடம் கூடாது. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தோம். பெட்டிக்குள் குளிர்ந்த பக்கத்துச் சட்டியை இரண்டாக வைத்துக்கொண்டேன்: ஒன்றைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, மேலே துடைத்து உள்ளே கவிழ்ப்பது, அது காய்ந்ததும் மற்றதை மாற்றுவது. மெருகு பூசாத மண்சட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர்ப் பானை எப்படிக் குளிர்கிறதோ அதே வேலைதான், ஊறிய நீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகிறது. நம் கோடையின் வறண்ட காற்றில் அருமையாக வேலை செய்யும். ஐப்பசியில் காற்றே ஈரமாக இருக்கும்போது செய்யாது, அப்போது தேவையும் இல்லை. ரொம்பக் கொளுத்தும் நாளில், ஒரு லிட்டர் பாட்டிலில் உறைந்த தண்ணீர், துண்டில் சுற்றி, பெட்டியின் மேல்பலகையில் குளிர்ந்த பக்கமாக. உள்ளே நேரடியாக ஐஸ் வைக்காதீர்கள்.

கரண்ட் போனால்? இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடுகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். பாம்புக்கு வியர்க்காது. வியர்க்காத உடம்புக்கு ஃபேன் காற்று வெறும் சுடுகாற்றுதான். ஃபேனை ஈரத் தட்டிக்கு முன்னால் வைத்தால்தான் பலன். ஏர் கூலரை மூடிய அறையில் ஓட்டாதீர்கள், அறையே கசகசவென்று ஆகிவிடும். அதில் நாள்கணக்கில் கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும். ஏசி இருந்தால் 28ல் வையுங்கள், போதும். அது காற்றை உலர்த்தும் என்பதால் தண்ணீர்ப் பாத்திரம் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

மார்ச் தொடங்கி செப்டம்பர் வரை ஹீட்டரைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

அப்போ ஹீட்டரே வேண்டாமா?

மார்கழி, தை ராத்திரிகளுக்கு வேண்டும். விடியற்காலை 20க்குக் கீழே இறங்கும். குளிரில் செரிமானம் நின்று, விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகும். ஒளி வராத செராமிக் பல்பு ஒன்றைச் சூடான பக்கத்தின் மேல்பலகையில், பீங்கான் ஹோல்டரில் மாட்டி, சுற்றிலும் கம்பிக் கூண்டு போட்டிருக்கிறோம். கூண்டு இல்லாவிட்டால் பாம்பு போய்ச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். சுடுகிறது என்று உடனே நகரத் தெரியாத ஜீவன் அது. சூடாகும் செயற்கைக் கல் விற்பார்கள், அதே காரணத்துக்காக வாங்காதீர்கள்.

சூடு அளவைத் தாண்டினால் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரும் மாட்டக் கூடாது. கோழி முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் செய்கிறவர்கள் வாங்குகிற சின்னத் தெர்மோஸ்டாட்டே போதும், வயரிங்கை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிஜிட்டல் வெப்பமானி. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். அதை மனித உடம்புச் சூட்டுக்கென்று அமைத்திருப்பார்கள். தரையின் சூட்டைச் சரியாகக் காட்டாது.

ஈரப்பதம், தோல் உரிப்பது பற்றிச் சொல்லுங்கள்.

55 முதல் 70 சதவீதம். தோல் உரிக்கும் வாரத்தில் இன்னும் கொஞ்சம் கூட. கண் பால் படிந்தது மாதிரி மங்கி, பிறகு தெளியும். அடுத்த சில நாளில் தோல் கழலும். நன்றாக இருந்தால் காலுறை கழற்றுவது போல் ஒரே துண்டாக வரும். துண்டு துண்டாக வந்தால் பெட்டி வறண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எங்களிடம் வந்தபோது முறுக்கின் கண் மேல் பழைய தோல்மூடி ஒட்டியிருந்தது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான். தோலோடு அதுவும் உரிய வேண்டும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் சுருக்கம் தெரிந்தது. கை பரபரத்தது, ஆனாலும் பிடுங்கவில்லை. பிடுங்கினால் கண்ணே போய்விடும். ஒரு சட்டிக்குள் ஈரக் கோகோபீட் நிரப்பி வைத்தோம். அடுத்த முறை ஒரு கண் விட்டது, அதற்கடுத்த முறை இன்னொன்று. அந்தத் தோலை மகள் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறாள்.

ஈரம் என்றதும் தரையைச் சதசதவென்று வைத்துவிடக் கூடாது. வயிற்றுச் செதில் சிவந்து புண்ணாகும்.

எறும்பு, பேன், கொசு?

செவ்வெறும்பு பாம்பைக் கொன்றுவிடும், குறிப்பாகத் தோல் உரிக்கும்போது. பெட்டி நிற்கும் மேசையின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், பாட்டி வீட்டில் பலகாரத் தூக்குக்குச் செய்வது போல. மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும், டெங்கு காலத்தில் பாம்பைக் காப்பாற்றி வீட்டில் உள்ளவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கதையாகிவிடும்.

எறும்புச் சாக்பீஸ், கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் கொசு மருந்து எதுவும் அந்த அறையில் வேண்டாம். ஃபினாயிலும் வேண்டாம். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கு அந்த அறைக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

பாம்புப் பேன் கசகசா அளவில் கருப்பாக இருக்கும். தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியது போலத் தெரிந்தால் அதுதான். கோகோபீட்டை மொத்தமாகக் குப்பையில் கொட்டி, தாளுக்கு மாறி, மருந்துக்குக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நாய்க்குப் போடுகிற மருந்தை நீங்களே போடாதீர்கள்.

என்ன சாப்பாடு? எங்கே வைப்பது?

எலி. முழு எலி. கறிக்கடைக் கோழித் துண்டில் எலும்பும் ஈரலும் குடலும் சேர்ந்து வராது, அதை மட்டும் தின்றால் சத்து சேராது. எலியின் தடிமன் பாம்பு உடம்பின் மிகத் தடித்த இடத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்கு வாரம் ஒன்று. வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. பொறியில் விழுந்த வீட்டு எலி, வயல் எலி கூடவே கூடாது. எலி மருந்து தின்றிருக்கலாம், புழுவும் இருக்கும். வளர்ப்பு எலி, கொன்று உறையவைத்தது. உயிரோடு விட்டால் மூலையில் மாட்டிய எலி பாம்பைக் கடித்துக் குதறும்.

வீட்டு ஃபிரிட்ஜில் அதை வைக்க முடியாது என்று என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டார், தயிருக்குப் பக்கத்தில் எலியா என்று. நியாயம்தான். பழைய சின்ன ஃபிரீசர் ஒன்று வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தோம். மேலே "ஐஸ்கிரீம் இல்லை" என்று ஒட்டியிருக்கிறோம், உறவுக்காரக் குழந்தைகள் வருவதால்.

கொடுக்கும் முறை: ராத்திரி முழுக்கக் குளிர்ப் பகுதியில் வைத்து உருக விட்டு, கவரோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்குவது. மைக்ரோவேவில் வைத்தால் வெடிக்கும். முறுக்குக்கு உதட்டோரத்தில் சின்னக் குழிகள் இருக்கின்றன, வெப்பத்தை உணரும் குழிகள். சில்லென்ற எலியை அது உணவாகவே மதிக்காது. தலைப்பக்கம் நன்றாகச் சூடாக இருக்கும்படி, நீள இடுக்கியால் நீட்டினால், கழுத்தை எஸ் மாதிரி பின்னால் இழுத்து, கண் இமைக்கும் நேரத்தில் பாய்ந்து மூன்று சுற்று சுற்றிவிடும். உங்கள் விரலும் சூடானதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

சாப்பிடவே மாட்டேங்குது, என்ன செய்ய?

பால் பைத்தான் மாதக்கணக்கில் விரதம் இருக்கும். எடை பாருங்கள். எடை நின்றால் கவலையில்லை. தொடர்ந்து இறங்கினால் மருத்துவர். அதற்கு முன் சூடும் ஒளிவிடமும் சரியா என்று பார்த்துவிடுங்கள், பத்தில் எட்டு முறை சிக்கல் அங்கேதான்.

கையில் எடுக்கலாமா? கடிக்குமா?

சாப்பிட்டு 48 மணி நேரம் எடுக்கக் கூடாது. மற்ற நாளில் பத்து நிமிடம், உடம்பை இரண்டு கையாலும் தாங்கி. கழுத்தில் மாலையாகப் போட்டுப் போட்டோ எடுப்பது பாம்புக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. என்னை ஒருமுறை கடித்தது. எலி தொட்ட கையைக் கழுவாமல் உள்ளே விட்டது என் தப்பு. முள்செடியில் கை பட்டது போல் வரிசையாகச் சின்னப் புள்ளிகள். சோப்புப் போட்டுக் கழுவினேன், முடிந்தது. கடியைவிட, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லாக் கிருமிதான் பெரிய விஷயம். தொட்டால் கை கழுவ வேண்டும், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் கொடுக்கவே வேண்டாம்.

உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் போவது?

ஆடு, மாடு, நாய் பார்க்கிற மருத்துவர் எல்லாருக்கும் பாம்பு பழக்கமில்லை. முதலிலேயே போனில் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் கிடைக்கவில்லை என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சுமார் 140 கிலோமீட்டர். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, விசில் மாதிரிச் சத்தம், தலையை நிமிர்த்தியே வைத்திருப்பது இதெல்லாம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். தலையணை உறையில் விட்டு வாயை முடிச்சுப் போட்டு, ஓட்டையுள்ள டப்பாவுக்குள் வைத்து, விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள். வழியில் டிபனுக்கு நிறுத்தினால் ஒருவர் காரிலேயே ஏசியோடு இருக்க வேண்டும்.

தப்பிவிட்டால்?

தப்பியது. தை மாதம், தண்ணீர் மாற்றிவிட்டுப் பூட்டைச் சாத்தி சாவி போட மறந்தேன். காலையில் பெட்டி காலி. முதலில் வெளிக்கதவு, சாக்கடைத் துளை எல்லாவற்றையும் அடைத்தோம். பால் பைத்தான் ரொம்பத் தூரம் போகாது, இருட்டும் இடுக்கும் கதகதப்பும் தேடும். ராத்திரி ஒவ்வொரு வாசற்படியிலும் கோலமாவை மெல்லிசாகத் தூவினோம். மறுநாள் காலையில் சமையலறைப் படியில் விரலால் இழுத்தது போல ஒரு நெளிகோடு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரசர் சூட்டில் சுருண்டு கிடந்தது. தயிருக்குப் பக்கத்தில் எலி வேண்டாம் என்றவருக்கு இப்போது பாம்பே வந்துவிட்டது. அதிலிருந்து சாவி என் மனைவியிடம் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள், வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முதலில். தப்பிய பாம்பை முதலில் பார்ப்பது அவர்களாக இருந்தால், கையில் கட்டையோடுதான் பார்ப்பார்கள். "இன்னாத்துக்குப்பா இந்த வேண்டாத வேலை, கண்ணாடி விரியன் மாதிரியே இருக்கே" என்றார் எதிர்வீட்டு அக்கா. உட்காரவைத்து, பதிவுச் சான்றைக் காட்டி, பூட்டைக் காட்டினேன். இப்போதும் வாசல் தாண்டி வரமாட்டார். ஆனால் நாங்கள் ஊருக்குப் போகும்போது தண்ணீர்ப் பாத்திரம் நிறைந்திருக்கிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் போன் செய்வது அவர்தான்.

எத்தனை வருடம் இருக்கும்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 முதல் 30 வருடம். என் மகளுக்குக் கல்யாணமாகிப் போனாலும் இது இங்கே இருக்கும்.

எங்களால் முடியவில்லை. அமிர்தி காட்டிலோ ஜவ்வாது மலையிலோ விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அது இங்கத்திய காட்டுக்கு அந்நியம். செத்துப்போகும், இல்லை தன்னோடு கொண்டுவந்த பேனையும் நோயையும் நம் பாம்புகளுக்குக் கொடுக்கும். சட்டப்படியும் தப்பு. பதிவு உள்ள பாம்பென்றால், பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்குத் தளத்தில் தெரிவித்து மாற்றலாம். இல்லையென்றால் வன அலுவலகம். வாங்குகிறவராக இருந்தால், கொடுப்பவரிடம் நாலு விஷயம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கடைசியாகச் சாப்பிட்ட தேதி, கடைசியாகத் தோல் உரித்த தேதி, எடை, பதிவு எண். அந்த மாணவர் முதல் மூன்றையும் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். நான்காவது இருந்த சான்றைக் கையில் வாங்க இரண்டு வாரம் அலைந்தோம்.